தரம் 7 பிள்ளைக்குக் கலங்களின் ‘ஸ்ட்ரெஸ்’ பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

உவர்மலைத் தாய் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறோம். மகள் தரம் 7. கலத்தின் படம் கீறி, கரு, கலமென்சவ்வு, இழைமணி என்று பெயர் குறிப்பதெல்லாம் அவளுக்கு நன்றாகவே வரும். நான் கேட்க வந்தது பாடத்தைப் பற்றி இல்லை.

என் அம்மாவுக்குச் சில வருடமாகச் சீனி வருத்தம். போன மாதக் கிளினிக்கில், குளிசை மட்டும் போதாது, இன்சுலினும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், “யோசனை கூடினா உடம்பில இருக்கிற கலமெல்லாம் ஸ்ட்ரெஸ் ஆகும், அதாலதான் எல்லா வருத்தமும்” என்று போனில் பார்த்த ஏதோ வீடியோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் இருந்து கொப்பி எழுதிக்கொண்டிருந்தாள். கேட்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரவு விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்கிறாள்: “அம்மா, நான் தலைக்கு எண்ணெய் வைக்க விடாம அம்மம்மாவோட சண்டை பிடிக்கிறனான்தானே, அதாலயா அவவின்ட கலம் பழுதானது?”

இல்லை என்று சொல்லி அணைத்துக்கொண்டேன். ஆனால் ஏன் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் வர்த்தகப் பிரிவில் படித்தவள். தேடிப் பார்த்தால் ஒன்றில் டொக்டர்மாருக்கு எழுதியதாக இருக்கிறது, அல்லது பிள்ளையைப் பயப்படுத்தும் படங்களாக இருக்கிறது. 12 வயதுப் பிள்ளைக்குப் பொய்யும் சொல்லாமல், பயமும் காட்டாமல் இதை எப்படிச் சொல்வது? வீட்டில் செய்து காட்டக்கூடியதாக ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

தம்பலகாமம் தம்பி:

அக்கா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். போனை உதாரணமாக எடுங்கள். ஒரே நேரத்தில் பத்து வேலை கொடுத்தால் போன் சூடாகும், பற்றரி கெதியாக இறங்கும், கடைசியில் பழுதாகும். கலமும் அப்படித்தான் என்றால் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

ஓய்வு பெற்ற விஞ்ஞான ரீச்சர்:

மகள், நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன், அதில் பெரும்பகுதி இந்த ஊரில்தான். உங்கள் பிள்ளையின் கேள்வியை வாசித்துவிட்டு இரவு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தன்னால்தான் அம்மம்மாவுக்கு வருத்தம் என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் மனதுக்குள் சுமந்திருக்கிறாள். அதை முதலில் இறக்கிவைக்க வேண்டும்.

தம்பி சொன்ன போன் உதாரணம் விளங்க லேசுதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டாம். சூடான போன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. கலம் திருத்திக்கொள்ளும். என்னைக் கேட்டால் அதுதான் இந்தப் பாடத்தின் உயிர். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எப்போதும் பழுதாவதைத்தான் முதலில் சொல்கிறோம், திருத்துவதைக் கடைசியில் நேரம் இருந்தால் சொல்கிறோம். மாற்றிச் சொல்லுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துவிடுங்கள். மனதுக்கு வருவதையும் கலத்துக்கு வருவதையும் ஸ்ட்ரெஸ் என்று ஒரே சொல்லால் சொல்வதால் வந்த குழப்பம் இது. மனதுக்கு வருவது மன அழுத்தம். கலத்துக்கு வருவதை நெருக்கீடு என்று சொல்லுங்கள். ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி 1936-இல் எலிகளை வைத்து எழுதியபோது அவற்றுக்குக் கொடுத்தது குளிர், காயம், அளவுக்கு மிஞ்சிய ஓட்டம், நஞ்சு போன்றவை. எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரிப் பதில் சொன்னது. ஸ்ட்ரெஸ் பற்றிய ஆராய்ச்சியே அங்கிருந்துதான் வளர்ந்தது. பேத்தி தலைக்கு எண்ணெய் வைக்க விடவில்லை என்று ஒரு கலத்துக்குத் தெரியவே வராது. அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் குறைவது, ஒட்சிசன் குறைவது, சீனி கூடுவது, வெயிலின் புற ஊதாக்கதிர் படுவது தெரியும். தன் சக்திக்கு மேல் வேலை வருவதும் தெரியும்.

இனி உள்ளே நடப்பது. இதற்கு ஒரு சேலை வேண்டும். படத்தில் வேண்டாம், அலுமாரியில் இருக்கும் உண்மையான சேலையை எடுங்கள்.

சேலையை முழுவதும் விரித்து நீளமாகப் போடச் சொல்லுங்கள். புரதம் கலத்துக்குள் உண்டாகும்போது இப்படித்தான் நீட்டு நூலாக வரும். நீளத்தில் கிடக்கும் சேலையை யாரும் உடுக்க முடியாது. கொசுவம் மடித்து, முந்தானை எடுத்து, உரிய இடத்தில் ஊசி குத்தினால்தான் அது சேலைக்கட்டு. புரதமும் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். இப்போது அம்மம்மாவின் இன்சுலினுக்கு வாருங்கள். அதுவும் ஒரு புரதம், 51 அமினோ அமிலங்கள் கொண்டது. அது சரியாக நிற்க மூன்று இடத்தில் ஊசி வேண்டும். கந்தக அணுக்களால் ஆன மூன்று பிணைப்புகள் அந்த ஊசிகள். ஊசி இடம் மாறிக் குத்தப்பட்டால் அந்த இன்சுலின் உதவாது. மகளிடம் மூன்று சேலை ஊசி கொடுத்துச் சரியாகக் குத்தச் சொல்லுங்கள். பிறகு, “இன்னும் கெதியா, இன்னும் கெதியா” என்று அவசரப்படுத்துங்கள். கொசுவம் குலையும், ஊசி எங்கேயோ ஏறும்.

வயிற்றுக்குள் இருக்கும் சதையி என்ற உறுப்பில் இன்சுலின் செய்யும் கலம் ஒன்று, வேலை கூடிய நேரத்தில், ஒரு நிமிடத்துக்குப் பத்து இலட்சம் இன்சுலின் மூலக்கூறுகள் வரை செய்யக்கூடியது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காமல் போனால், இரத்தத்தில் சீனி இறங்காது. அந்தக் கலத்துக்கு மேலும் மேலும் கேள்வி வரும். வருடக்கணக்காக அவசரத்தில் மடித்தால் மடிப்புத் தவறியவை உள்ளே குவியும். மடிக்கும் அறைக்கு அகமுதலுருச் சிறுவலை என்று பெயர். பெயரை இப்போது பாடமாக்கத் தேவையில்லை, மடிக்கும் அறை என்றே சொல்லுங்கள்.

அறையில் நெருக்கீடு வந்ததும் கலம் சும்மா இருப்பதில்லை. புதுச் சேலை வருவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். மடிக்க உதவும் ஆட்களைக் கூட்டும். திருத்த முடியாததைக் கழித்துக் கட்டும். அந்த உதவி ஆட்களும் புரதங்கள்தான். கலியாண வீட்டில் பெண்ணுக்குச் சேலை சரிசெய்ய ஊசிப் பெட்டியோடு பக்கத்தில் நிற்கும் தோழியை மகள் பார்த்திருப்பாள். அதுதான் அவற்றின் வேலை. இவ்வளவும் செய்தும் நெருக்கீடு தீராமல் நீண்டுகொண்டே போனால்தான் கலம் களைத்துப்போகும், சிலது இறந்தும் போகும். அம்மம்மாவுக்கு நடந்தது அந்த நீண்ட கதை. வயது, பரம்பரை, உடல் எடை, சாப்பாடு, நடை குறைந்தது என்று எத்தனையோ அதில் சேர்ந்திருக்கும். எண்ணெய்ச் சண்டை அந்தக் கணக்கிலேயே இல்லை.

தோழிப் புரதங்களைக் கண்டுபிடித்த கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இத்தாலியில் ரிதோஸ்ஸா என்பவர் பழ ஈக்களின் நிறமூர்த்தங்களை, அதாவது கலத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளை, பார்த்துக்கொண்டிருந்தார். ஈக்களை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டார்கள். பார்த்தால் நிறமூர்த்தத்தில் முன்பு இல்லாத இடங்களில் வீக்கம். சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்து வேலை தொடங்கியதன் அடையாளம் அது. 1962-இல் அதை எழுதினார். அந்த மரபணுக்கள் செய்வது தோழிப் புரதங்களை என்று பிறகுதான் தெரிந்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் வைத்தார்கள்.

சூடு என்றால் எங்களுக்கு வேறு எங்கும் போகத் தேவையில்லையே, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றனவே! ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சனம் கூடிவிடும். ஏழு கிணறுக்கும் ஏழு சூடு. பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறேன். நாங்கள் பார்த்ததில் சூடு கூடிய கிணறு 40 பாகையை ஒட்டி நின்றது. கடும் காய்ச்சலின் சூடும் அதுதான், பழைய பரனைற் கணக்கில் 104. ஒரு வாளி அள்ளி ஊற்றும்போது தோலில்தான் சூடு படுகிறது, இரத்தம் ஓடி அதைப் பரப்பிவிடும், உள்ளே 37-ஐ ஒட்டியே நிற்கும் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே குளித்தால் கலம் பழுதாகும் என்று அடுத்த பயம் தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து முட்டை வெள்ளைக்கருவை இரண்டு கண்ணாடிக் கிளாசில் ஊற்றுங்கள். ஒன்றைக் கன்னியாத் தண்ணீரின் அளவுச் சூடுள்ள தண்ணீரில் வையுங்கள். மற்றதைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். முதல் கிளாசில் ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டாவது வெளுத்துக் கட்டியாகும். மடிப்பு அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று சிக்கிப்போவது கண்ணுக்குத் தெரிகிறது. முட்டை வெள்ளை இறுகத் தொடங்க 60 பாகைக்கு மேல் வேண்டும். உயிருள்ள கலம் அவ்வளவு சூடு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்காது. 40, 41-இலேயே தோழிகளைக் கூப்பிடத் தொடங்கிவிடும். முதல் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் நேரத்தில் உயிருள்ள கலத்துக்குள் எவ்வளவு ஆயத்தம் நடக்கிறது என்று பிள்ளையின் கண் விரியும். வகுப்பில் நான் எத்தனையோ தடவை பார்த்த கண்கள் அவை.

கிண்ணியாத் தாதி:

ரீச்சரின் சேலைக் கதையை என் வார்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன், அனுமதி கொடுங்கள்.

தங்கச்சி, இரண்டு விடயம் சேர்க்கிறேன். இன்சுலின் தொடங்கினால் கடைசிக் கட்டம் என்று எங்கள் சனம் பயப்படும், வீட்டில் அழுகை கேட்கும். பிள்ளை அதையும் கேட்டிருப்பாள். ரீச்சர் சொன்ன கதையிலேயே பதில் இருக்கிறது. வெளியிலிருந்து இன்சுலின் போனால் களைத்த சதையிக் கலங்களுக்கு வேலை குறைகிறது, கொஞ்சம் மூச்சு விடுகின்றன. அம்மம்மாவின் ஊசியைப் பிள்ளை அப்படிப் பார்க்கட்டும்.

மற்றது, போத்தலுக்குள் இருக்கும் இன்சுலினும் அதே மடித்த சேலைதான். அதைத் திருத்தத் தோழிகள் அங்கே இல்லை. சூடு பட்டால் குலைந்துபோகும். உறைந்தாலும் பழுது. திறக்காத போத்தல் 2 இலிருந்து 8 பாகைக்குள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், ஐஸ் கட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. திறந்த போத்தலை எத்தனை நாள் பாவிக்கலாம் என்பது பெட்டியில் இருக்கும், அநேகமானவை நாலு கிழமை. எங்கள் ஊர் வெயிலுக்குச் சன்னல் தட்டில் வைப்பது சரிவராது. இந்தப் பொறுப்பை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அம்மம்மாவுக்குத் தன்னால் கெடுதல் வந்தது என்று நினைத்த பிள்ளைக்குத் தன்னால் ஆகும் உதவி ஒன்று கையில் இருக்கட்டும். ஊசி போடுவது பெரியவர்களின் வேலை, போத்தலைக் கவனிப்பது அவளுடையது.

நீண்ட நாள் மன அழுத்தம் உடம்பைத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. மாதக்கணக்காகக் கவலையும் நித்திரைக் குறைவுமாக இருந்தால் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடி நின்று சீனியையும் கூட்டும். ஆனால் அது வீட்டுச் சண்டை ஒன்றால் வருவதில்லை.

சொந்தக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு கலத்தைக் காக்கும் என்று விற்கும் அன்ரிஒக்சிடன்ற் குளிசை ஏதும் வாங்கித் தந்தால் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஒரு ஆய்வு 1994-இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் என்ற அன்ரிஒக்சிடன்ற் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. கீரையும் பழமும் சாப்பிடட்டும், அது வேறு.

நிலாவெளிப் படகு:

அக்கா, நான் படித்தது குறைவு. புறாமலைத் தீவுக்குப் படகில் ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை. ரீச்சர் சூடு பற்றிச் சொன்னதும் எனக்குப் பவளம்தான் ஞாபகம் வந்தது.

பவளம் கல் இல்லை, உயிர். அதன் கலங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். பவளத்துக்கு நிறம் அதால்தான், சாப்பாட்டில் பெரும்பங்கும் அதால்தான். கடல் தண்ணீர் வழமையான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே பாசி ஒத்துழைக்காது. ஒட்சிசனிலிருந்து நஞ்சு போன்ற பொருட்கள் உண்டாகும் என்று வனசீவராசிகள் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். பவளம் பாசியை வெளியேற்றும், வெள்ளையாகும். 1998-இல் இந்து சமுத்திரத்தில் பல இடங்களில் அப்படி வெளுத்தது.

வெள்ளையைப் பார்த்ததும் வருகிற ஆட்கள் ‘செத்துப்போச்சு’ என்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், இன்னும் சாகவில்லை, பசியில் இருக்கிறது. தண்ணீர் நேரத்துக்குக் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும். எங்கள் பக்கத்தில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மகளைக் கூட்டி வாருங்கள், மேலிருந்தே காட்டுகிறேன். பவளத்தில் கால் வைக்காமல் பார்ப்பதானால் மட்டும்.

உவர்மலைத் தாய்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஒரு கிழமை இருந்தேன்.

சேலைக்கு அம்மம்மாவின் கைத்தறிச் சேலையையே மகள் எடுத்தாள். ரீச்சர் சொன்னபடி நான் அவசரப்படுத்த, மூன்றாவது ஊசி அவளுடைய சட்டையிலேயே குத்திக்கொண்டது. சேலையைக் கழற்ற முடியாமல் நின்றாள். கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழும்பி வந்து, ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி, கொசுவத்தை விரலால் தட்டித் தட்டி மடித்துக் குத்திவிட்டார். “அம்மம்மாதான் தோழிப் புரதம்” என்றாள் மகள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் உட்கார்ந்து முழுவதையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள், நான் சொன்னதைவிடத் தெளிவாக. கடைசியில், “நான் சண்டை பிடிச்சதால இல்ல, அது வேற கதை” என்று தானாகவே சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை அப்படி நினைத்திருந்தது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

இன்சுலின் போத்தல் ஐஸ் தட்டுக்குக் கீழேதான் இருந்தது. நல்ல வேளை உறையவில்லை. மகள் அதைக் கதவுப் பக்கம் மாற்றி, திறந்த திகதியைப் பெட்டியில் எழுதி, காலண்டரில் 28 நாள் எண்ணி வட்டம் போட்டிருக்கிறாள். முட்டையும் செய்தோம். கன்னியா வருகிற சனிக்கிழமை.

இப்போது புதுக் கேள்வி ஒன்று. செத்த கலம் எங்கே போகும் என்று கேட்கிறாள். ரீச்சர், இதற்கு என்ன சொல்ல?

ஓய்வு பெற்ற விஞ்ஞான ரீச்சர்:

மகள், வாசிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

டச்சு விரிகுடாவில் விளையாடிவிட்டு வந்து இரண்டு மூன்று நாளில் மகளுக்கு மூக்குத் தோல் உரிந்திருக்கும்தானே. புற ஊதாக்கதிர் பட்டுத் திருத்த முடியாத அளவுக்குப் பழுதான கலங்கள் தாங்களாகவே ஒழுங்காக இறந்து, உரிந்து வெளியே போகின்றன. கீழே புதுத் தோல் ஆயத்தமாக இருக்கும். உடம்புக்கு உள்ளே இறப்பவை வெளியே போவதில்லை. சிறு சிறு பொதிகளாக உடையும், பக்கத்துக் கலங்களும் வெண்குருதிக் கலங்களும் அவற்றை விழுங்கிவிடும். விழுங்கியதைப் பிரித்து, உதவும் பொருளைத் திரும்பப் பாவிக்கும்.

உயிரோடு இருக்கும் கலமும் தனக்குள் பழுதான பாகங்களைப் பொதி கட்டிச் செரித்துத் திரும்பப் பயன்படுத்தும். அது எப்படி நடக்கிறது என்று மதுவத்தில் கண்டுபிடித்த யொஷினோரி ஓசுமி என்ற யப்பானியருக்கு 2016-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பாண் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்தான் மதுவம். கடையில் ஒரு சிறு பைக்கற் வாங்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சீனியோடு கரைத்து வையுங்கள், பத்து நிமிடத்தில் நுரைக்கும். அதை அவளுக்குக் காட்டிவிட்டு ஓசுமியின் கதையைத் தொடங்குங்கள். கன்னியாவுக்குப் போகும்போது வெப்பமானி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்.